ஓடும்போதே இடம் மாறிய மெஷின்

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக்கு ஆயுத பூஜை. ஸ்கேன் சென்டருக்கு ஆயுத பூஜையாவது தீபாவளியாவது, ஆள் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் பூஜையை மட்டும் இன்று சாயங்காலமே முடித்துவிட்டார்கள். ஆயாம்மா எவர்சில்வர் குங்குமக் கிண்ணத்தோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையப் போனாள். நாலு பேர் சேர்ந்து பிடித்து இழுத்தோம். அந்தக் காந்தம் கிண்ணத்தோடு அவளையும் உள்ளே வாங்கியிருக்கும்.

சர்வர் அறை என் பொறுப்பு. மேனேஜர் கோவர்த்தனன் சார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மற்ற நாளில் ஷூவோடுதான் வருவார்.

"வசுமதி மேடம், புது சர்வருக்கு இது மொதப் பூஜை. நிறுத்தித் தொடச்சுப் பொட்டு வெச்சுப்போடணும். மறுபூஜை முடியற வரைக்கும் தொடவே கூடாதுங்க."

"அதை நிறுத்திட்டா ஸ்கேன் படமெல்லாம் எங்க சார் போய் உக்காரும்?"

"அதான் பழைய சர்வர் சும்மாதான நிக்குது?"

நிற்கிறது, எனக்கும் ஒன்றும் கஷ்டமில்லை. பேக்ஸை, அதாவது எல்லா ஸ்கேன் படங்களையும் வாங்கிச் சேர்த்து வைக்கும் மெஷினை, ஓட ஓடவே பழைய சர்வருக்கு நகர்த்தினேன். ஒரு படம்கூட நிற்கவில்லை. கீழே ஸ்கேனில் படுத்திருந்தவருக்குத் தெரியாது, படம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்குத் தெரியாது, அந்த மெஷினுக்கே தெரியாது. இந்த ஒரு வேலையைச் செய்யும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். வரட்டும்.

பிறகு பூபேஷ் வந்தான், அந்தப் பாழாய்ப்போன ப்ளோயரோடு. ஹார்டுவேர் எல்லாம் அவன்தான். நல்ல பையன், ஆனால் கேட்காமல் கொள்ளாமல் ஸ்விட்சைத் தட்டுவான். புது சர்வரைத் திறந்து ஊதினான், ரேக்கை ஊதினான், இரண்டு சர்வருக்கும் பொதுவாகப் படங்களை வைத்திருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியின் பின்பக்கம் போய் ஒயர்களுக்கு நடுவிலும் ஊதினான். ஒரு வருஷத் தூசி முழுக்க என் தலையில். "போதும்டா, பூமியையே ஊதிடுவ போலிருக்கு" என்று கத்தினேன். "ஆயுத பூஜைன்னா சுத்தமா இருக்கோணும்க்கா" என்று சிரிக்கிறான். தலைக்குக் குளித்தும் தும்மல் நிற்கவில்லை.

வீட்டில் இவரிடம் பெருமையடித்துக்கொண்டேன். நூல் கமிஷன் வியாபாரிக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு பெரிய சர்வருக்குள்ளே நாலைந்து கம்ப்யூட்டர் இருப்பதாக மென்பொருள் பாசாங்கு செய்யும், ஒவ்வொன்றும் தன்னை நிஜம் என்றே நம்பிக்கொண்டு வேலை செய்யும், அதை அப்படியே தூக்கிப் பக்கத்து சர்வரில் வைத்தாலும் அதற்குத் தெரியாது என்றேன். "பாவம், யாராவது சொல்லக்கூடாதா" என்றார்.

அக்டோபர் 1, புதன்

பேனாவும் நோட்டும் இன்று பூஜையில். எழுதக் கூடாது. இந்த வரி கணக்கில் வராது.

அக்டோபர் 3, வெள்ளி

மறுபூஜை எல்லாம் முடிந்தது. பொரியும் கடலையும் தின்று வயிறு உப்பிவிட்டது. பேக்ஸைப் புது சர்வருக்குத் திருப்பவில்லை. நன்றாகத்தானே ஓடுகிறது, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

நாத்தனார் வந்து பெரிய இட்லிப் பானையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் வீட்டில் விருந்தாம். போன தடவை கொண்டுபோன குக்கரே இன்னும் வரவில்லை. கேட்டால் நான் பொல்லாதவள்.

அக்டோபர் 4, சனி

டாக்டர் மங்கையர்க்கரசி எங்கள் தலைமை டாக்டர், சென்டரே அவர் குடும்பத்துடையது. குரலை உயர்த்தவே மாட்டார். இன்று போனில், "வசுமதி, இந்த மூளை ஸ்கேன்ல பாதிப் படம்தான் வந்திருக்கு. மீதி எங்கே?" என்றார். உயர்த்தாமல் கேட்டதாலேயே எனக்கு வியர்த்துவிட்டது.

ஸ்கேன் மெஷினிலிருந்து திரும்ப அனுப்பச் சொன்னேன். மறுபடியும் பாதி. எக்ஸ்ரே போகிறது, அல்ட்ராசவுண்ட் போகிறது. எம்.ஆர்.ஐ.யும் சி.டி.யும் மட்டும் நடுவில் முறிகின்றன, அதுவும் எல்லாம் இல்லை. ஸ்டோரேஜ் எழுத மறுத்தது என்று ஒரு பிழை விழுந்திருக்கிறது. ஏன் மறுத்தது என்று அது சொல்லாதாம்.

அக்டோபர் 6, திங்கள்

படங்களைப் பென் டிரைவில் போட்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடுகிறார்கள். டாக்டர் முன்னால் பென் டிரைவ்கள் வரிசையாக, சந்தையில் கடை போட்டதுபோல். வயதான ஒருவர் முதுகுவலியோடு இரண்டு மணி நேரம் ரிப்போர்ட்டுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஆச்சுங்களா கண்ணு" என்றார். நான் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

பூபேஷ் கேபிளை மாற்றிப் பார்த்தான். சரியாகவில்லை. இந்த நிலைமையில் பேக்ஸை நகர்த்தத் துணியவில்லை, பழைய சர்வரிலேயே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மென்பொருள் கம்பெனி சப்போர்ட்டுக்கு எழுதினேன். உங்கள் புகார் எங்களுக்கு மிக முக்கியம் என்று பதில் வந்திருக்கிறது. அதோடு சரி.

சின்ன இட்லிப் பானையில் ஈடு ஈடாக வைத்து முடிப்பதற்குள் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. இவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டு "அவசரம் இல்லம்மா" என்கிறார். எனக்கு இருக்கிறதே.

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. சாயங்காலம் வந்து மளிகை அலமாரியைக் கவிழ்த்து எல்லா டப்பாவையும் கழுவினேன். கழுவ வேண்டிய அவசியமே இல்லை.

அக்டோபர் 8, புதன்

டாக்டர் அறையில் மீட்டிங். டாக்டர், கோவர்த்தனன் சார், நான். போன மாதம் வரை நன்றாக ஓடியது, என்னதான் நடந்தது என்று கேட்டார்கள். ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்தோம் என்றேன். எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்று சார் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். ப்ளோயர் வைத்து ஸ்டோரேஜ் பின்பக்கமெல்லாம் ஊதினான், வேண்டாம் என்று நான் கத்தியும் கேட்கவில்லை என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது, தெரிந்ததுதானே. அது நடந்ததுதான், பொய் ஒன்றுமில்லை.

"ப்ளோயரா? ஒயருக்குள்ள தூசி ஏத்திவிட்டானா?" என்று சார் எழுந்தே விட்டார். இருக்கலாம் என்றேன். 'இருக்கலாம்' என்றுதான் சொன்னேன்.

பேக்ஸை நகர்த்தியதை நான் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது, ஒரு நொடிகூட நிற்காத மெஷின். யாரும் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

இன்று நாலு எம்.ஆர்.ஐ. முறிந்தது. ஒருவருக்கு மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியதாகிவிட்டது. கோவர்த்தனன் சார் பூபேஷைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்தவன் முகம் கறுத்திருந்தது. நான் போனில் பேசுவதுபோல் இருந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பூபேஷைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் சர்வர் அறைக்கு வந்தான். ஸ்க்ரூ டிரைவர் பெட்டியை மேசைமேல் வைத்தான், அது சென்டருடையது.

"நான் ஒயர்ல கையே வெக்கலீங்க்கா. ஊதுனது நெசம்தான். வருஷா வருஷம் ஊதறதுதான?"

"எனக்குத் தெரியும்டா."

"கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்திருக்காருங்க்கா. வேலையைவிட்டுப் போறது போகட்டும், வேற எடம் பாத்துக்கலாம். இத எடுத்துட்டு நான் எங்க போயி நிப்பேன்? சர்வர்ல கை வெக்க எவன் விடுவான்? நீங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க்கா. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

சொல்கிறேன் என்றேன். டாக்டர் கிளம்பிவிட்டார் என்று கீழே போய்த் தெரிந்துகொண்டேன். கார் அப்போதுதான் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாமோ என்னவோ, நான் சேலையில் இருந்தேன்.

நான் யாரையும் கை காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

அக்டோபர் 11, சனி

மாதாந்திரப் பராமரிப்பு என்று எங்கள் பக்கம் முழுக்க மின்தடை, காலை முதல் மாலை வரை. யூ.பி.எஸ். அவ்வளவு நேரம் தாங்காது. எல்லா மெஷினையும் முறைப்படி நிறுத்திவிட்டு, கரண்ட் வந்ததும் ஒவ்வொன்றாகத் தொடங்கினேன். இது வழக்கமாக பூபேஷும் நானும் சேர்ந்து செய்கிற வேலை. அவன் பின்பக்கம் நின்று "பச்சை லைட்டு வந்துருச்சுங்க்கா" என்று சத்தம் போடுவான். இன்று நானே முன்னும் பின்னும் ஓடினேன்.

அக்டோபர் 13, திங்கள்

எல்லாம் சரியாகிவிட்டது.

காலையிலிருந்து ஒரு எம்.ஆர்.ஐ. முறியவில்லை, ஒரு சி.டி. முறியவில்லை. மாடிக்கு ஓடியவர்கள் எல்லாம் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். டாக்டரே கூப்பிட்டு "நல்ல வேலை" என்றார்.

கோவர்த்தனன் சாருக்குக் கால் தரையில் இல்லை. "பாத்தீங்களா மேடம்? வெள்ளிக்கிழமை அனுப்புனோம், திங்கக்கிழமை பிரச்சனை இல்ல. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?"

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேனா? ஆட்டியிருப்பேன்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

தூசி உள்ளே போயிருந்தால் அது எப்படி வெளியே வந்தது?

அவன் போனால் தூசியும் கூடவே பஸ் ஏறி அவன் ஊரான சூலூருக்குப் போய்விடுமா? ஒயர் அதே ஒயர், பெட்டி அதே பெட்டி. இதை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமையே கேட்டிருக்க வேண்டும்.

தீபாவளி முறுக்குக்கு அரிசி ஊறவைத்ததை மறந்து, புளித்துப்போனதைக் கொட்டினேன். இவர் "உனக்கு என்ன ஆச்சு" என்று கேட்டார். முறுக்கை யார் தின்னப் போகிறார்கள் என்று அவர்மேல் பாய்ந்தேன். அவர்தான் தின்பார், பாவம்.

அக்டோபர் 15, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

பழைய சர்வரின் பதிவுகளைக் காலையிலிருந்து உட்கார்ந்து படித்தேன். ஸ்டோரேஜ் எழுத மறுத்தவை எல்லாவற்றிலும் ஒரே ஒற்றுமை: அத்தனையும் பெரிய பொட்டலங்கள். பேக்ஸ் ஒரு பெரிய ஸ்கேனைச் சேமிக்கும்போது படங்களைப் பெரிய பெரிய பொட்டலமாகக் கட்டி ஸ்டோரேஜுக்கு அனுப்புகிறது. பழைய சர்வரில் ஸ்டோரேஜுக்குப் போகும் கார்டு பழைய காலத்தது. ஒரே தடவையில் அவ்வளவு பெரிய பொட்டலத்தை அது வாங்காது, திருப்பி எறிந்துவிடும். எக்ஸ்ரே சின்னது, அதனால் தப்பித்தது.

சரி, சனிக்கிழமைக்குப் பிறகு? பேக்ஸ் அனுப்பும் எல்லாப் பொட்டலங்களும் சின்னதாகிவிட்டன. நான் ஒரு அமைப்பையும் மாற்றவில்லை. யார் அதற்குச் சொன்னது என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. மதியச் சாப்பாட்டைக்கூடத் திறக்கவில்லை.

தொடங்கும்போதுதான் கேட்கிறது! மெஷின் தொடங்கும் நேரத்தில் ஒரே ஒரு தடவை, 'ஒரு நடைக்கு எவ்வளவு வாங்குவாய்' என்று தான் ஓடும் சர்வரின் கார்டிடம் கேட்கிறது. கிடைத்த பதிலை நிறுத்தும்வரை வைத்துக்கொள்கிறது. பேக்ஸ் தொடங்கியது புது சர்வரில், அங்கே கிடைத்த பதில் பெரிய எண். ஓட ஓட இடம் மாறியபோது அது மறுபடி கேட்கவில்லை. நகர்த்திய மென்பொருளும் சொல்லவில்லை. பழைய சர்வருக்கு வந்தும் அந்தப் பெரிய எண்ணையே நம்பிக்கொண்டு அனுப்பி அனுப்பி அடி வாங்கியிருக்கிறது. சனிக்கிழமை மின்தடைக்காக நிறுத்தித் தொடங்கியதும் பழைய சர்வரிடம் புதிதாகக் கேட்டது, சின்ன எண் கிடைத்தது, அடங்கிவிட்டது.

பூபேஷ் ஊதினதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நகர்த்தியதுதான். மறுபூஜை முடிந்த அன்றே திருப்பி வைத்திருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்று ஒரு சர்வரைச் சும்மா உட்காரவைத்து, இன்னொன்றின் தலையில் கட்டிவிட்டு, எல்லோரும் பொரி தின்றோம்.

பழைய கார்டு எந்த வருஷத்தது என்று உறுதி செய்துகொள்ள பூபேஷுக்கு போன் செய்தேன். மாட்டியவன் அவன்தான். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, மாடல் எண்ணை மனப்பாடமாகச் சொன்னான்.

"எங்கடா இருக்க?"

"ஊட்லதானுங்க்கா. ஒரு எடத்துல கேட்டாங்க. பழைய கம்பெனி லெட்டர் கொண்டாங்கன்னாங்க. போகலீங்க."

"பொறு. நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்துக்குவீங்கன்னு தெரியும்க்கா. அம்மாகிட்டயும் அதான் சொல்லிட்டிருக்கறேன்."

அக்டோபர் 16, வியாழன்

கோவர்த்தனன் சாரிடம் சொன்னேன். முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இப்ப நல்லா ஓடுதுங்களா?" என்றார்.

"ஓடுது சார்."

"அப்பறம் எதுக்குங்க நோண்டணும்? தீபாவளி நேரம். சப்போர்ட்காரன் என்ன சொல்றான்?"

நேற்று இரண்டு எண்களையும் எழுதிக் கேட்டதற்கு சப்போர்ட்டின் பதில் காலையில்தான் வந்திருந்தது. இரண்டு எண்ணும் அந்தந்த இடத்தில் சரிதானாம். புகாரை முடித்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த கடுப்புக்கு அந்த மானிட்டரை எடுத்து வீசியிருப்பேன், அதற்கும் நான்தான் பொறுப்பு என்பதால் விட்டேன்.

"பாத்தீங்களா, அவனே சரிங்கறான்" என்றார் சார். "நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். எப்படி நிரூபிப்பீங்க? மறுபடியும் பேக்ஸக் கெடுத்துக் காட்டுவீங்களா?"

ஆமாம், கெடுத்துத்தான் காட்ட வேண்டும். வேறு வழியில்லை. சரியாக ஓடுகிற ஒன்றைப் பார்த்து யார் என்ன நம்புவார்கள்?

அக்டோபர் 17, வெள்ளி

டாக்டரிடம் நேராகப் போய் நின்றேன். நாளை காலை ஆள் வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்றேன். சரி என்றார். இனிப்புப் பெட்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள். பூபேஷுக்கு என்று போன வாரமே கணக்கில் சேர்த்த பெட்டி ஒன்று மேசையில் மீதி இருந்தது.

அக்டோபர் 18, சனி

தினமும் காலையில் எம்.ஆர்.ஐ.யில் மனிதருக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய ஒரு உருண்டையை வைத்து ஸ்கேன் எடுப்பார்கள், மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க. இன்று அந்த உருண்டைதான் என் நோயாளி. பேக்ஸை நான் தொடவில்லை. அதேபோல் ஒரு நகல் மெஷினை நேற்றே செய்து வைத்திருந்தேன்.

டாக்டரும் சாரும் என் பின்னால் நாற்காலியில். நகலைப் புது சர்வரில் தொடங்கினேன். உருண்டையின் படங்களை அனுப்பச் சொன்னேன், எல்லாம் வந்து சேர்ந்தன. ஓட ஓட அதைப் பழைய சர்வருக்கு நகர்த்தினேன். திரையில் ஒன்றும் அசையவில்லை. "நகர்ந்துருச்சா?" என்று டாக்டர் கேட்டார். நகர்ந்துவிட்டது என்றேன். மறுபடி படங்களை அனுப்பினார்கள்.

பாதியில் முறிந்தது. ஸ்டோரேஜ் எழுத மறுத்தது, அதே பிழை. என் வாழ்க்கையில் ஒரு பிழையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அங்கேயே அதை நிறுத்தித் தொடங்கினேன். மூன்றாம் தடவை அனுப்பினார்கள். எல்லாம் முழுதாக வந்தன.

"யாரும் ஊதலையே" என்றார் டாக்டர்.

"இல்லைங்க டாக்டர்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"நம்ம வீட்டுல பதினாறு குழி இட்லிப் பானை. அதுக்கே மாவு கரைச்சுப் பழகிட்டோம். ஒரு நாள் தூக்கத்துலயே நம்மளை வேற வீட்டுக்குக் கொண்டுபோய்ட்டாங்க, அங்க எட்டுக் குழிதான். யாரும் சொல்லல. நாம பழைய அளவுக்கே ஊத்தறோம், மீதியெல்லாம் அடுப்புல. காலைல எந்திரிச்சு ஒரு தடவை பானையைப் பாத்திருந்தா போதும்."

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்போ அந்தப் பையன் மேல தப்பே இல்லை."

"இல்லைங்க."

"இது தெரியாதுன்னா சரி. ப்ளோயர்தான்னு மட்டும் எட்டாம் தேதி எப்படித் தெரிஞ்சது?"

சார் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். உருண்டையின் படம் வட்டமாக, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்தது. ஏ.சி. சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் இருந்துவிட்டேன். கேட்டது.

அந்த லெட்டரைக் கிழித்துவிட்டு பூபேஷைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி சாரிடம் சொல்லிவிட்டு டாக்டர் எழுந்து போனார்.

அக்டோபர் 19, ஞாயிறு

முறுக்கு சுட்டேன். இந்தத் தடவை நன்றாக வந்தது. பூபேஷுக்கு ஒரு டப்பா தனியாக எடுத்துவைத்தேன். நாத்தனார் இட்லிப் பானையைத் திருப்பிக் கொண்டுவந்தாள், குக்கர் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடியற்காலை எண்ணெய்க் குளியல், புதுச் சேலை. பூபேஷுக்கு வாழ்த்துச் சொல்ல போன் செய்தேன். எடுக்கவில்லை. வெடிச் சத்தத்தில் கேட்டிருக்காது.

மத்தியானமும் செய்தேன். அப்போது வெடிச் சத்தம் இல்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

கோவர்த்தனன் சார் வழியிலேயே பிடித்துக்கொண்டார். "நாளைக்கு வந்துடறான் மேடம். ஞாயித்துக்கிழமையே பேசிட்டேன். மனசுல எதையும் வெச்சுக்காதப்பா, நானா எதுவும் பண்ணல, மீட்டிங்ல வசுமதி மேடம்தான் ப்ளோயர்னு சொன்னாங்க, அதே மேடம்தான் இப்ப உன்னக் காப்பாத்தி விட்டிருக்காங்க அப்படின்னு எல்லாத்தையும் வெளிப்படையாச் சொல்லிப்போட்டேன்."

"அவன் என்ன சார் சொன்னான்?"

"சரிங்க சார்னான்."

அக்டோபர் 22, புதன்

முறுக்கு டப்பாவோடு சீக்கிரமே போய்விட்டேன். அவன் எனக்கு முன்னாலேயே வந்து சர்வர் அறையைக் கூட்டி வைத்திருந்தான். புதுச் சட்டை, கழுத்துப் பட்டி இன்னும் மடியாமல் விறைப்பாக இருந்தது.

"குட் மார்னிங் மேடம்."

யாரைச் சொல்கிறான் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"கோவமாடா?"

"அதெல்லாம் இல்லீங்க மேடம். நீங்கதான கண்டுபிடிச்சீங்க. தேங்க்ஸுங்க."

முறுக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். முன்பெல்லாம் என் சாப்பாட்டு டப்பாவைக் கேட்காமலே திறந்து, "இன்னைக்கு என்னங்க்கா, மறுபடியும் இட்லியா" என்று முகம் சுளிப்பவன். பேக்ஸைப் புது சர்வருக்கு மாற்றலாம் என்றேன். இந்தத் தடவை நிறுத்தி, மாற்றி, புதிதாகத் தொடங்கினோம். அவன் பின்பக்கம் நின்றான். பச்சை லைட் வந்திருக்கும், சத்தமே இல்லை. நான்தான் போய்ப் பார்த்தேன். வந்திருந்தது, அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

காலியான பழைய சர்வரைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ப்ளோயரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஊதலாங்களா மேடம்?"

மூன்று வருஷமாக 'எதையும் கேட்டுவிட்டுச் செய்யடா' என்றுதான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஊது என்றேன். கொஞ்சமாக, தூரத்தில் பிடித்துக்கொண்டு, என்மேல் தூசி படாமல் ஊதினான். வேண்டாம், பழையபடியே என் தலையில் கொட்டடா, அக்கா என்று கூப்பிடடா என்று சொல்ல நினைத்தேன். வாய் சும்மா இருக்காத எனக்கு வாயே வரவில்லை.